பிசினும் தெப்பமும்
கருவிகள் மனத்தை மாற்றும் வகை பற்றிய ஒரு பாடம்



வண்டிப்பெரியாற்றில் பௌர்ணமிதோறும் கூடும் நமது அறநெறி வகுப்பில் இவ்வாண்டு ஓர் இளைஞர் ஒரு வினாவை எழுப்பினார். “மனிதருடைய கருத்தையும் பழக்கத்தையும் மாற்றுவதற்கென்றே கருவிகளை வகுத்துச் செய்கின்றார்களே; இது தம்மத்திற்கு உடன்பாடானதா, மாறானதா?” என்பதே அவ்வினா. அன்று என்னால் தக்க விடை கூற இயலவில்லை. பின்னர் நமது சபையிலேயே நேர்ந்த ஒரு பிழை எனக்கு விடையைக் கற்பித்தது. அப்பிழையை மறையாது கூறுவதும் இப்பாடத்தின் நோக்கங்களுள் ஒன்று. முதலில் பொருளை முறையாக ஆராய்வோம்.

1. தேநீர் கற்பிக்கும் பாடம்

நம்மைச் சூழ்ந்துள்ள பச்சைச் சரிவுகளை நோக்குங்கள். பீர்மேட்டு மலைகளில் முதலிற் பயிரானது காப்பி. அது நோயால் அழிந்தபின் தேயிலை வந்தது. நம் முன்னோர் சமவெளியிலிருந்து மலையேறி வந்து அதனை வளர்த்தனர். ஆயினும் அக்காலத்தில் தேயிலை, கப்பலேறிச் சீமைக்குச் செல்லும் சரக்காக இருந்ததேயன்றி, இந்நாட்டு ஏழை மக்களின் அன்றாடப் பானமாக இருக்கவில்லை.

1903ஆம் ஆண்டில் தேயிலைத் தீர்வைச் சட்டம் இயற்றப்பெற்றது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது ஒரு சிறு தீர்வை விதித்து, அப்பணத்தைத் தேநீர்ப் பழக்கத்தைப் பரப்புதற்குச் செலவிட்டனர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் தேநீர்ச் சாலைகள் ஏற்படுத்தப்பட்டன. 1930களில் உலகப் பொருளாதார மந்தத்தால் வெளிநாட்டு விற்பனை குன்றியபோது, உள்நாட்டு முயற்சி மேலும் வலுப்பெற்றது. சந்தைகளிலும் வீடுகளிலும் தேநீர் காய்ச்சிக் காட்டினர். இலவசமாகக் குவளைகளில் வழங்கினர். இரயில் நிலையங்களில் தேநீர் தயாரிக்கும் முறையை அவ்வப்பகுதி மொழிகளிலேயே எழுதி மாட்டினர். 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தின்படி 1954இல் இன்றைய தேயிலை வாரியம் அமைந்தது. இன்று இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினை இந்தியரே பருகுகின்றனர்.

யான் பஞ்சாலையில் வேலை செய்த காலத்தில், தேநீர் வரும் நேரத்திற்குச் சற்று முன்னரே நா அதனைத் தேடத் தொடங்கும். சங்கு ஊதாத விடுமுறை நாளிலும் அதே நேரத்தில் தேடும். அது என்னுடைய சொந்த விருப்பம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்விருப்பத்திற்கும் ஒரு வரலாறு உண்டு, அதனை வகுத்தோர் உளர் என்பதைப் பிற்காலத்தில் நூல்களின் வாயிலாகவே அறிந்தேன்.

தேநீர் அருந்துதல் தீவினை என்று யான் கூற வரவில்லை. இதனை எழுதும்போதும் என் பக்கத்தில் ஒரு குவளை ஆறிக்கொண்டிருக்கின்றது. “இது என் விருப்பம்” என்று நாம் உறுதியாகக் கூறுவனவற்றுள் பல, பிறர் வகுத்த வழியே நம்முள் புகுந்தவை. இதுவே நாம் கொள்ளவேண்டிய முதற்பாடம்.

2. மூன்றின் கூட்டம்

பழங்காலத்தில் பட்டறிவால் செய்ததை இக்காலத்தில் ஒரு கலையாகவே வகுத்துவிட்டனர். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. ஃபாக் என்னும் ஆய்வாளர், கணிப்பொறி கொண்டு மனிதரை இணங்கச் செய்வது பற்றி ஆராய ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். 2003இல் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலிலேயே இக்கலையின் அறநெறி குறித்தும் ஓர் அதிகாரம் எழுதினார் என்பது கருதத்தக்கது. ஒரு செயல் நிகழ்வதற்கு மூன்று ஒருங்கே கூடவேண்டும் என்பது அவர் 2009இல் விளக்கிய கருத்து. ஒன்று, விருப்பம். இரண்டு, எளிதாகச் செய்ய இயலுதல். மூன்று, அவ்வேளையில் வந்து தூண்டும் குறி.

தேநீரில் இம்மூன்றும் இருந்தமை காண்க. இனிப்பும் சூடும் விருப்பத்தை எழுப்பின. இலவசக் குவளை எளிமையாயிற்று. ஆலையின் ஓய்வு நேரம் குறியாயிற்று. இன்று நம் கையிலுள்ள தொலைபேசியிலும் இம்மூன்றே உள்ளன. 2016ஆம் ஆண்டிற்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தமையால், தோட்டத்து லயங்களிலும் அது எளிதிற் கிடைப்பதாயிற்று. மணியோசையும் சிவப்புப் புள்ளியும் குறிகளாயின. விருப்பமோ, நம்முள் முன்னரே குடியிருப்பது.

தொலைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனால் முடிவென்பதே வருவதில்லை அல்லவா? இம்முறையை 2006இல் வகுத்தவர் ஏசா ராஸ்கின் என்பவர். பக்கம் முடிந்தால் மனிதன் ஒரு கணம் நின்று, “இனி வேண்டுமா?” என்று எண்ணுவான், அந்தக் கணத்தையே அம்முறை நீக்கிவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகக் கூறினார்.

3. ஊறு முதல் பற்று வரை

இவ்வாராய்ச்சி நமக்குப் புதிதன்று. பகவான் புத்தர் அருளிய பன்னிரு சார்பின் தோற்றத்தில், மணிமேகலை தமிழில் வழங்கும் பெயர்களின்படி, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் ஐந்தும் அடுத்தடுத்து நிற்கின்றன. கண் ஒரு வாயில். ஒளிரும் திரை அதனைத் தீண்டுவது ஊறு. அதனால் எழும் இனிமை நுகர்வு. மேலும் வேண்டும் என்பது வேட்கை. விடமாட்டேன் என்பது பற்று.

இச்சங்கிலியில் நமக்கு விடுதலைக்குரிய இடம் யாது? நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியே அது. இனிமை தோன்றியது என்று அறிந்து அங்கே நிற்க இயலுமாயின், வேட்கை எழுவதில்லை. சங்கிலி அவ்விடத்தில் அறுபடுகின்றது. ஆகவேதான் நம்மை ஆள விரும்புகின்ற கருவி, அந்த இடைவெளியையே முதலில் குறிவைக்கின்றது. அடுத்த படம் தானாகவே ஓடத் தொடங்குவதும், பக்கம் முடிவின்றி நீள்வதும் இதன் பொருட்டே.

பகவான் நிறுத்தி அறியக் கற்பித்த இடத்தையே இவர்கள் நில்லாது ஓடச் செய்கின்றனர். இவ்வேறுபாட்டை நன்கு நினைவில் இருத்துங்கள்.

4. குரங்கும் பிசினும்

சம்யுத்த நிகாயத்தில் பகவான் கூறிய உவமை ஒன்று உண்டு. இமயத்தில் வேடர்கள் குரங்குகள் திரியும் வழியில் பிசினை வைப்பர். பேதைமையற்ற குரங்கு அதனைக் கண்டு விலகிப் போகும். பேதைக் குரங்கோ ஒரு கையால் தொடும், கை ஒட்டிக்கொள்ளும். அக்கையை விடுவிக்க மறு கையை வைக்கும், அதுவும் ஒட்டும். பின்பு ஒரு கால், மறு கால், இறுதியில் வாய். ஐந்திடத்தும் கட்டுண்ட குரங்கை வேடன் எளிதிற் கொண்டுபோவான்.

இங்கு கூர்ந்து நோக்கவேண்டியது, முதற் கைதான் ஆசையால் வைக்கப்பட்டது; மற்ற நான்கும் விடுபடும் நோக்கத்தாலேயே வைக்கப்பட்டன என்பது. தொலைபேசியில் பணம் கட்டி ஆடும் சீட்டாட்டத்தில் நம் இளைஞர் பலர் சிக்கியது இவ்வாறே. முதல் ஆட்டம் ஊக்கப்பணத்தின் ஆசையால் ஆடியது. இரண்டாவது, இழந்ததை மீட்பதற்கு. மூன்றாவது, மீட்பதற்காக வாங்கிய கடனை அடைப்பதற்கு. நாள் முழுதும் மழையில் நனைந்து தாய் கிள்ளிய கொழுந்தின் கூலி, நள்ளிரவில் மகனுடைய விரல் நுனியிற் கரைந்துபோனதை இம்மலையில் யான் கண்டிருக்கின்றேன்.

எப்போதாவது வெற்றி தருவதே இப்பொறியின் சூட்சுமம். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்தார். எத்தனை கொத்துக்கு ஒருமுறை தானியம் விழும் என்று அறிய முடியாதபடி வைத்தால், புறா ஓயாது கொத்திக்கொண்டேயிருப்பதை அவரும் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினர். உறுதியான பரிசைவிட, உறுதியற்ற பரிசே உயிரை மிகுதியாகக் கட்டுகின்றது.

5. அரசின் சட்டமும் அறத்தின் சட்டமும்

அரசுகள் வாளாவிருக்கவில்லை. கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியைத் தடை செய்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. தமிழ்நாட்டில், நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் இயற்றப்பெற்ற சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கொண்டு, அவற்றுக்கு அத்தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2025இல் தமிழ்நாடு, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாதென விதி செய்தது. அவ்விதியை அதே நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் ஏற்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அதனையடுத்துப் பெரிய நிறுவனங்கள் இந்தியாவில் அவ்வாட்டங்களை நிறுத்தின.

விற்பனைத் தந்திரங்களுக்கும் ஒரு வரம்பு வந்துள்ளது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், மக்களை ஏமாற்றும் 13 வகைத் திரை அமைப்புகளைப் பெயர் கூறி விலக்கியது. “இன்னும் சில நிமிடங்களே” என்று பொய்யாக அவசரப்படுத்துதல், கேளாத பொருளைக் கூடையில் நுழைத்தல், வேண்டாம் என்பவரை நாணச் செய்தல், எளிதில் விலக முடியாத சந்தாவில் மாட்டுதல் முதலியன அவற்றுள் சில.

இச்சட்டங்கள் நல்லன. ஆயினும் நீதிமன்றம் கேட்பது, “ஆட்டம் திறமையால் வெல்லப்படுவதா, குருட்டு வாய்ப்பால் வெல்லப்படுவதா?” என்று. தம்மம் கேட்பது வேறொன்று: “இது ஆடுவோனை எத்தகையவனாக ஆக்குகின்றது?” சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவான் சூதின் ஆறு கேடுகளை எடுத்துரைத்தார். வென்றவன் பிறர் பகையைப் பெறுகின்றான், தோற்றவன் இழந்த பொருளை எண்ணி வருந்துகின்றான், கைப்பொருள் அழிகின்றது, அவன் சொல் அவையில் ஏறுவதில்லை, நண்பர் இகழ்கின்றனர், பெண் கொடுப்பாரும் இல்லை. இவற்றுள் திறமைக்கு விலக்கு அளிக்கப்பெறவில்லை என்பதைக் காண்க. ஒரு பொறி மூடப்பட்டால் மற்றொன்று திறக்கும். ஆதலின் பிசினை அறியும் கண்ணே நமக்கு நிலையான காவல்.

6. பகவான் மனத்தை மாற்றிய வகை

இனி, இளைஞரின் வினாவுக்கு வருவோம். பிறர் மனத்தை மாற்ற முயல்வதே தவறு என்போமாயின், பகவான் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து அறம் உரைத்தது எதற்காக? ஆகவே மாற்றுதல் தவறன்று. மாற்றும் வகையிலேயே அறமும் மறமும் பிரிகின்றன.

சாவத்தியில் கிசாகோதமி இறந்த குழந்தையை ஏந்தி மருந்து கேட்டு வந்தாள். சாவு நேராத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வருமாறு பகவான் பணித்தார். மேற்கூறிய மூன்றும் இதிலும் உள்ளன: அவளுடைய பெருவிருப்பம், எந்த வீட்டிலும் எளிதிற் கிடைக்கும் கடுகு, ஒவ்வொரு வாயிலிலும் கேட்கவேண்டிய ஒரு கேள்வி. ஆனால் இம்மூன்றும் அவளைக் கொண்டு சேர்த்த இடம் வேறு. அவள் தானே நடந்தாள், தானே கேட்டாள், தானே உண்மையைக் கண்டாள். குழந்தையின் உடலை அடக்கம் செய்துவிட்டுத் தெளிந்த அறிவோடு திரும்பி வந்தாள்.

நிகண்டரின் சீடரான உபாலி என்னும் செல்வர் பகவானிடம் வாதிட வந்து, மனம் மாறிச் சரணடைய முற்பட்டார். வேறொருவராயின் அக்கணமே அவரைப் பற்றிக்கொண்டிருப்பர். பகவானோ, நன்கு ஆராய்ந்து செய்யுமாறு அவரைத் தடுத்தார். நிகண்டர்களுக்கு அவர் இட்டுவந்த உணவை நிறுத்த வேண்டாம் என்றும் கூறினார். ஆராயும் இடைவெளியைப் பகவான் எவ்வாறு காத்தார் என்பது இதனால் விளங்கும்.

நாமும் இவ்வழியே வந்தவர்கள். அயோத்திதாச பண்டிதர் 1898இல் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தபோது, நம் பழைய வரலாற்றை ஆராயுமாறே நம்மை அழைத்தார். டாக்டர் அம்பேத்கர் 1935இல் யேவலாவில் மதம் மாறப்போவதாக அறிவித்து, 1956 அக்டோபர் 14 அன்றே நாகபுரியில் தம்மத்தை ஏற்றார். இடையே 21 ஆண்டுகள் ஆராய்ந்தார். நம்மை எவரும் பிசின் வைத்துப் பிடிக்கவில்லை. ஆகையால் நாமும் எவரையும் பிசின் வைத்துப் பிடிக்கலாகாது.

7. தெப்பத்தின் இலக்கணம்

தம்மம் ஒரு தெப்பத்தைப் போன்றது என்றார் பகவான். ஆற்றைக் கடந்தவன் தெப்பத்தைத் தலையிற் சுமந்து திரியான்; கரையில் விட்டுச் செல்வான். நல்ல கருவிக்கும் இதுவே இலக்கணம். பணி முடிந்தால் அது நம்மை விட்டுவிடும். பிசினோ, நாளையும் நாம் வரவேண்டும் என்றே விரும்பும்.

இந்தியாவிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. காசநோயாளர் ஆறு மாதம் தவறாது மருந்து உண்ணவேண்டும். சற்று நலமானவுடன் நிறுத்திவிடுவோர் பலர். இதற்கென 99 டாட்ஸ் என்னும் முறை வகுக்கப்பெற்று, நாட்டின் காசநோய்த் திட்டத்திற் பயன்பட்டது. மாத்திரை அட்டையின்மேல் ஓர் உறை இருக்கும். மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் உள்ளே மறைந்துள்ள தொலைபேசி எண் வெளிப்படும். நோயாளி அவ்வெண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்தால், மருந்தை எடுத்துவிட்டார் என மருத்துவப் பணியாளர் அறிவார். அழைப்பு வாராதோரைத் தேடிச் செல்லலாம். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நோக்கம் மறைக்கப்படவில்லை, நன்மை நோயாளிக்கே, நோய் தீர்ந்தால் அழைப்பும் தீர்ந்தது. இது தெப்பம்.

ஆகவே எந்தக் கருவியையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். முதலாவது, அது தன் நோக்கத்தை வெளிப்படையாகக் கூறுகின்றதா? இரண்டாவது, நின்று எண்ணவும் விலகவும் இடம் தருகின்றதா? மூன்றாவது, முடிவில் விடுதலையும் நலமும் பெறுவது யார், பயன்படுத்துவோனா, வகுத்தவனா?

8. நமது சபையின் பிழை

இனி என் பிழையைக் கூறுகின்றேன். நாள்தோறும் பஞ்சசீலம் ஓதும் பழக்கத்தை வளர்க்க, நம் இளைஞர்கள் தொலைபேசிக் குழுவில் ஓர் ஏற்பாடு செய்தனர். ஓதியவர் தம் பெயருக்கு எதிரே ஒரு விளக்குப் படத்தை இடவேண்டும். தவறாது பல நாள் ஓதியவர் பெயர் மேலே ஏறும். தவறியவர் பெயர் கீழே இருண்டு நிற்கும். யான் மகிழ்ந்து இசைந்தேன். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லாப் பெயர்களிலும் விளக்கு எரிந்தது. வகுப்பில் அதனைப் பெருமையாகவும் எடுத்துரைத்தேன்.

அன்று வகுப்பு முடிந்தபின் ஒரு மூதாட்டி தனியே நின்றார். “ஐயா, நான் பாதி நாள் ஓதவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்து அப்படியே படுத்துவிடுவேன். பேத்திதான் விளக்கை வைத்தாள். எல்லார் பெயரிலும் எரியும்போது என் பெயர் மட்டும் இருட்டாய்க் கிடந்தால் வெட்கமாய் இருக்காதா? அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்” என்றார். அவர் கண்களில் நீர் நின்றது.

யான் தலைகுனிந்தேன். பொய் உரையாமை நாம் ஏற்ற நான்காம் சீலம். அச்சீலத்தை வளர்க்க வைத்த விளக்கு, அந்தத் தாயைப் பொய்க்குள் தள்ளிற்று. குற்றம் அவருடையதன்று. வெட்கத்தைக் கயிறாக முறுக்கியவன் யான். மூன்று கேள்விகளுள் இரண்டாவதில் நமது விளக்கு தோற்றது. விலக நினைப்பவர் இழிவுபடாது விலக அங்கு வழியில்லை. மூன்றாவதிலும் தோற்றது, எரிந்த விளக்குகளால் பெருமை அடைந்தவன் போதகனாகிய யானே.

“அம்மா, இன்று நீங்கள் உண்மை கூறினீர்களே, இதுவே சீலம்” என்றேன். அடுத்த பௌர்ணமியன்று எல்லோர் முன்னிலையிலும் என் பிழையை ஒப்புக்கொண்டேன். இளைஞர்கள் விளக்குப் பட்டியலை நீக்கினர். இப்போது உபோசத நாளுக்கு முதல்நாள் மாலையில் ஒரே ஒரு நினைவூட்டல் வருகின்றது. அனுப்புபவர் யார், எதற்காக என்பது அதிலேயே இருக்கும். வேண்டாதவர் காரணம் கூறாமலே நிறுத்திக்கொள்ளலாம். எண்ணிக்கை எடுப்பதில்லை. வகுப்புக்கு வருவோர் தொகை பெருகிவிடவில்லை. ஆயினும் வருவோர், தாம் ஓதாத நாளையும் கூசாமற் கூறுகின்றனர்.

9. நாள்தோறும் செய்யும் பயிற்சி

பகவான் தம் மகன் இராகுலனுக்குக் கண்ணாடியை உவமையாகக் கூறி, செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் அதனை நோக்கி ஆராயுமாறு கற்பித்தார். அதனை இவ்வாறு கைக்கொள்வோம்.

தொலைபேசியை எடுக்குமுன்: “யான் இதனை எடுக்கின்றேனா, இது என்னை அழைத்ததா?” என்று ஒரு மூச்சளவு நின்று கேளுங்கள். அழைத்தது எனில், அந்த மணியோசை தேவைதானா என்று பார்த்துத் தேவையற்றதை அடக்கிவிடுங்கள்.

பயன்படுத்தும்போது: எந்த வேலைக்காக எடுத்தோமோ அது முடிந்ததா என்று நோக்குங்கள். முடிந்திருப்பின் கீழே வையுங்கள்.

வைத்த பின்: மனம் தெளிந்திருக்கின்றதா, கலங்கியிருக்கின்றதா என்று பாருங்கள். கலங்கியிருப்பின் உங்களை நீங்களே வைய வேண்டாம். பிசின் எங்கிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடனில் சிக்கியோர், இரண்டாம் கையை வைக்குமுன் ஒருவரிடம் வாய்விட்டுக் கூறுங்கள். தனியே விடுபட முயன்றே குரங்கு ஐந்திடத்தும் ஒட்டிக்கொண்டது. சங்கம் என்பது மூன்றாம் சரணம்; அது இத்தகைய வேளைக்கும் உரியது.

வகுப்பில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் வீட்டிலுள்ள ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதில் விருப்பம், எளிமை, குறி ஆகிய மூன்றும் எவை எனக் கூறுக.
2. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள இடைவெளியை நீக்கும் கருவி ஒன்றையும், காக்கும் கருவி ஒன்றையும் கூறுக.
3. பிள்ளைகளை நல்வழிப்படுத்த நாம் கையாளும் முறைகளுள் பிசின் எது, தெப்பம் எது?
4. நமது சபை செய்யும் அழைப்புகளை மூன்று கேள்விகளால் சோதித்து, குறை காணின் அச்சமின்றி அறிவிக்க.

நான்காம் வினாவிற்கு வரும் விடைகளை அடுத்த பௌர்ணமி வகுப்பில் யானே படித்துக் காட்டுவேன்.

சகல உயிர்களும் நலம் பெறுக.